மத்திய மாகாணத்துக்கு ஒரு வர்த்தமானி வேண்டும்: நீதி அமைச்சருக்குத் திறந்த மடல்

கௌரவ நீதி, தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நுவரெலியா மாவட்டத்தில் 26 வருடமாக மரக்கறி வியாபாரம் செய்பவன். தோட்டத்து லயத்தில் பிறந்து, கந்தப்பளைப் பக்கம் மூட்டை தூக்கி, பிறகு சொந்தமாக ஒரு லொறி வாங்கினேன். லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட் என்று செய்கைக்காரரிடம் வாங்கிக் கொழும்புக்கு ஏற்றுவதுதான் என் தொழில். கடன் தள்ளுபடியோ நிவாரணமோ கேட்டு இதை எழுதவில்லை. மலையகத்திலேயே ஒரு வர்த்தக மேல் நீதிமன்றம் அமைக்க, ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிற ஓர் அதிகாரத்தை எங்களுக்காகப் பயன்படுத்துங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

முதலில் என் வழக்கு. கொழும்பில் ஹோட்டல்களுக்குச் சாமான் வழங்கும் ஒரு நிறுவனத்துக்கு நான் மரக்கறி கொடுத்து வந்தேன். மாதக் கடைசியில் கணக்கு முடிப்பார்கள். 2022 பிறந்ததும் கை இழுத்தது. டீசல் இல்லை, டொலர் இல்லை, நாடே ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று அறிவித்துவிட்டது. "கொஞ்சம் பொறுங்க, உங்கட காசு எங்கயும் போகாது" என்றார் அங்கிருந்த முகாமையாளர். பொறுத்தேன். நானும் செய்கைக்காரரிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மொத்தம் 14 இலட்சத்து 20 ஆயிரம் நிலுவை. அதில் 6 இலட்சத்துக்கு ஒரு காசோலை தந்தார்கள். அது திரும்பி வந்தது. மீதிக்கு என்னிடம் இருந்தவை, சரக்கு இறக்கிய இடத்தில் கையொப்பம் வைத்த பில்கள்.

2023 நடுவில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். பில்களைப் புரட்டிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, கடைசிப் பில்லின் திகதி என்ன என்பது. சொன்னேன். "ஐயா, காசோலைக்கு வழக்குப் போடலாம். பில்லுக்குக் காலம் முடிஞ்சிட்டுது" என்றார்.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தைப் பற்றி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். எழுத்தில் செய்த ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட 6 வருடம். வாய்ச்சொல்லில் செய்ததற்கு 3 வருடம். விற்றுக் கொடுத்துவிட்ட சரக்குக்கும் கடைக் கணக்குக்கும் காசு கேட்க 1 வருடம். எழுத்தில் ஒரு வரி கடனை ஒப்புக்கொண்டு அவர்கள் கையொப்பம் வைத்திருந்தால் காலம் புதிதாக ஓடத் தொடங்கியிருக்கும். என்னிடம் இருந்தது தொலைபேசிப் பேச்சு மட்டும். இந்தச் சட்டம் வந்தபோது இந்த மலையில் கோப்பித் தோட்டங்கள்தான் பரந்து கிடந்தன. தேயிலை அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. இந்தியாவில் இதே வகைக் கடனுக்கு 1963இலேயே 3 வருடம் கொடுத்திருக்கிறார்கள். 8 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாயை நான் மனிதத்தன்மையால் இழந்தேன் என்றுதான் என் வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அதில் பாதிக்கு மேல் என்னுடைய காசே இல்லை. இராகலையிலும் வெலிமடையிலும் குத்தகைக் காணியில் மருந்தடித்து உரம் போட்டவர்களின் காசு.

காசோலை வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் இன்னும் நடக்கிறது. அந்த வழக்குக்காக அலைந்தபோதுதான் சட்டத்தை நானே வாசிக்கத் தொடங்கினேன். சட்டக் கல்லூரியில் படிக்கும் என் மூத்த மகள் பிரதிகளை எடுத்துத் தந்து, ஆங்கிலத்தில் இருந்ததை இரவில் எனக்குத் தமிழில் சொல்லுவாள். அப்படி ஓர் இரவில் கண்டதுதான் இந்த மடலுக்குக் காரணம்.

1996ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க, மாகாணங்களின் மேல் நீதிமன்ற (விசேட ஏற்பாடுகள்) சட்டம். எல்லோரும் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம் என்று சொல்கிறார்களே, அது இந்தச் சட்டத்தால் வந்தது. வங்கி, காப்புறுதி, ஏற்றுமதி இறக்குமதி, வர்த்தக முகவர் தொழில் ஆகியவற்றில் குறித்த தொகைக்கு மேற்பட்ட வழக்குகளும், கம்பனிச் சட்ட மனுக்களும் அங்கே போகின்றன. ஆனால் அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவு கொழும்பைப் பெயர் சொல்லவேயில்லை. அரசியலமைப்பின்கீழ் மாகாணத்துக்காக அமைந்த ஒவ்வொரு மேல் நீதிமன்றமும், அமைச்சர் பிரதம நீதியரசரின் இணக்கத்தோடு வர்த்தமானியில் குறிக்கும் திகதியிலிருந்து இந்த வழக்குகளைக் கேட்கும் நியாயாதிக்கத்தைப் பெறும் என்கிறது. "ஒவ்வொரு" என்ற சொல்லை என் மகள் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.

மேல் மாகாணத்துக்கு அந்த வர்த்தமானி வந்தது. எங்களுக்கு வரவில்லை. 1996இல் பிறந்த பிள்ளைகளுக்கு இன்று கல்யாணம் முடிந்து அவர்களின் பிள்ளைகள் பாலர் பாடசாலைக்குப் போகிறார்கள்.

அமைச்சர் அவர்களே, மத்திய மாகாணத்துக்கும் ஊவாவுக்கும் ஒரு வர்த்தக மேல் நீதிமன்றம் அமைக்கப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. புதிய சட்டமூலம் வேண்டாம், குழுநிலை விவாதம் வேண்டாம். நீங்கள் கையொப்பமிட்டு, பிரதம நீதியரசர் இணங்கினால் சட்டப்படி போதும்.

இது இல்லாததால் என்ன நட்டம் என்று கேட்கலாம். கம்பனிகளைப் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் "நீதிமன்றம்" என்ற சொல்லுக்கு ஒரு பொருள்கோடல் உண்டு: கம்பனியின் பதிவு அலுவலகம் இருக்கும் மாகாணத்தில் அப்படி அதிகாரம் பெற்ற மேல் நீதிமன்றம், அது இல்லாத மாகாணமாக இருந்தால் மேல் மாகாண மேல் நீதிமன்றம். எனக்குத் தெரிந்த மூன்று குடும்பங்கள் சேர்ந்து இங்கே ஒரு சிறிய கம்பனி நடத்தின. அண்ணன் தம்பிக்குள் பிரச்சினை வந்தது. ஒரு பக்கம் கணக்குப் புத்தகத்தையே காட்ட மறுத்தது. கம்பனி இங்கே, கணக்கு இங்கே, சாட்சிகள் இங்கே. மனு மட்டும் கொழும்புப் புதுக்கடை நீதிமன்றத்தில். விடிய முன்னரே பஸ் ஏறி, கினிகத்தேனை வளைவெல்லாம் இறங்கி, அவிசாவளை நெரிசலைத் தாண்டி அங்கே போய் நின்றால், தவணை கொடுத்து அனுப்புவார்கள். நான்கு முறை போன பிறகு மனுவைக் கைவிட்டார்கள். கம்பனியையும் மூடிவிட்டார்கள். பதினோரு பேர் வேலை செய்த இடம் அது.

தொழில் செய்யும் வசதி பற்றி உலக வங்கி 2019இல் வெளியிட்ட, 2020க்கான அறிக்கை, இலங்கையில் ஓர் ஒப்பந்தக் கடனை நீதிமன்றம் வழியாக வசூலித்து முடிக்க 1,318 நாள் ஆகும் என்று கணக்கிட்டது. மூன்றரை வருடத்துக்கு மேல். அந்த அறிக்கைத் தொடரையே சில நாடுகளின் தரவுக் குளறுபடியால் 2021இல் நிறுத்திவிட்டார்கள் என்பதும் தெரியும். ஆனால் நீதிமன்ற வாசலில் நிற்கும் எவரும் இந்த எண்ணிக்கையைக் கூடுதல் என்று சொல்லமாட்டார்கள். அதுவும் கொழும்பை வைத்து எடுத்த கணக்கு. மலையிலிருந்து இறங்கிப் போகிறவனின் நாட்களும் பஸ் காசும் அதில் சேரவில்லை.

வங்கிகளுக்கு மட்டும் பாதை அகலமாக இருக்கிறது. 1990இன் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்கீழ் வங்கி வழக்குப் போட்டால், தன் பக்கம் நியாயம் இருப்பதைக் காட்டி நீதிமன்றத்தின் அனுமதி பெற்ற பிறகுதான் கடனாளி எதிர்வாதம் செய்யலாம். அந்தக் குறுக்குவழி கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே. அதே ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், அதாவது எல்லோரும் பராட்டே என்கிறார்களே, அது வழக்கே இல்லாமல் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு ஈட்டுச் சொத்தை ஏலம் போட வங்கிக்கு இடம் தருகிறது. சிறு தொழில் செய்பவர்கள் கதறியதால் 2024இல் அதை இடைநிறுத்தி, பின்னர் 2025 மார்ச் 31 வரை நீடித்தீர்கள். அதற்கு நாங்கள் நன்றியுடையவர்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பெரிய நிறுவனம் எனக்குக் காசு தராததால்தான் நான் வங்கிக்குத் தவணை தவறினேன். வங்கி என்னிடம் வசூலிக்க விரைவு வழி. நான் அந்த நிறுவனத்திடம் வசூலிக்க 1889இன் குடியியல் நடவடிக்கைக் கோவை. இடைநிறுத்தம் எப்போதும் தற்காலிகம்தான், அது முடிந்தால் ஏலம் திரும்பி வரும். எனக்கு வரவேண்டிய காசு வராது.

இனி நான் மிகவும் கவலைப்படும் விடயத்துக்கு வருகிறேன். மரக்கறிக்காரர்களாவது வியாபாரம் பழகியவர்கள். தோட்டங்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 1992இல் தோட்டங்களைப் பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுத்ததிலிருந்து சம்பளப் பேச்சுத்தான் மலையகத்தின் வழக்கு. 2024இல் 1,700 ரூபாய் சம்பள வர்த்தமானியை எதிர்த்துக் கம்பனிகள் போனபோது உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது உங்களுக்குத் தெரியும். இப்போது பல கம்பனிகள் நாட்சம்பளத்தை விட்டு வேறு முறைக்கு மாறப் பார்க்கின்றன. தேயிலை மலையைத் துண்டு துண்டாகத் தொழிலாளிக்குப் பிரித்துக் கொடுத்து, அவரே பராமரித்துப் பறித்த கொழுந்தைக் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்வது. அவுட்குரோவர் முறை என்கிறார்கள்.

இது நல்லதா கெட்டதா என்பதைத் தொழிற்சங்கங்கள் பேசட்டும். நான் சொல்வது வேறு. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நாட்சம்பளம் வாங்கும்வரை ஓர் அக்காவுக்குச் சம்பளச் சபை இருக்கிறது, தொழில் திணைக்களம் இருக்கிறது, தொழில் நியாயசபை இருக்கிறது. கொழுந்தை விற்கிறவராக அவர் ஒரு பத்திரத்தில் கையொப்பம் வைத்த நாளிலிருந்து, அந்தப் பத்திரத்தைக் காட்டி "இவர் எங்கள் தொழிலாளி இல்லை, எங்களுக்குக் கொழுந்து விற்பவர்" என்று கம்பனி சொல்லலாம். தராசில் ஈரத்துக்கென்று கூடுதலாக வெட்டினால், மாதக் காசு தராமல் இழுத்தால், உரத்துக்குப் பிடித்த கணக்குப் பிழைத்தால், அதெல்லாம் ஒப்பந்த வழக்கு என்றாகிவிடும். என்னுடைய பில்களைத் தின்ற அதே ஒரு வருடக் கணக்கு அவர் கொழுந்துக் காசையும் தின்ன வரும். பத்திரம் என்ன மொழியில் இருக்கும்? வழக்கு எங்கே போடுவார்? மலையகத்து லயங்களுக்குள் வர்த்தகச் சட்டம் நுழைந்துகொண்டிருக்கிறது. வர்த்தக நீதிமன்றம் மட்டும் இன்னும் களனி கங்கையின் வாயிலேயே நிற்கிறது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தைச் சிங்களம் எனக்கு நன்றாக வரும். பேலியகொடையில் எந்த முதலாளியோடும் விலை பேசுவேன். வழக்குச் சிங்களம் வேறு. என் வழக்கில் எதிர்தரப்பு எழுத்தில் கொடுத்த விடை வந்தபோது அதில் என்ன இருக்கிறது என்று மூன்று வாரம் எனக்குத் தெரியாது. ஒரு தவணையில் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை; நீதிபதி பொறுமையாகவே பேசினார், ஆனால் வழக்கு நான்கு மாதம் தள்ளிப் போனது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம் என்கிறது. தமிழில் வழக்குரை சமர்ப்பிக்கவும், அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும் உரிமை தருகிறது. அதே உறுப்புரையில் ஒரு காப்புவாசகமும் இருக்கிறது. நீதி அமைச்சர், அமைச்சரவையின் இணக்கத்தோடு, ஒரு நீதிமன்றத்தின் பதிவேட்டை வேறொரு மொழியிலும் பேணவும் வழக்கை அந்த மொழியில் நடத்தவும் பணிக்கலாம். நுவரெலியாவிலும் ஹற்றனிலும் பதுளையிலும் தமிழரும் சிங்களவரும் ஒரே சந்தையில் ஒரே தராசில் நிறுக்கிறோம். இரண்டு மொழியிலும் பதிவேடு இருந்தால் எந்தப் பக்கத்துக்கும் நட்டமில்லை. இந்தத் திறப்பும் உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

"மலையகத்தில் அவ்வளவு வர்த்தக வழக்கு இல்லையே, நீதிபதிகளும் போதாதே" என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். வழக்கு இல்லை என்பது உண்மையல்ல. வழக்குப் போடப் போகிறவர் இல்லை. பாலம் இல்லாத ஆற்றங்கரையில் நின்று, கடப்பவர் யாருமில்லை என்று எண்ணக்கூடாது. 2006வரை மாவட்ட நீதிமன்றத்தின் குடியியல் மேன்முறையீடுகள் கொழும்பில்தான் தேங்கிக் கிடந்தன. அந்த ஆண்டின் 54ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவற்றை மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு இறக்கியது. இன்று அந்த மேன்முறையீட்டுக்காகக் கண்டியிலிருந்து யாரும் கொழும்புக்குப் போவதில்லை. அப்போதும் நீதிபதி போதாது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள் என்பதையும் என் மகள் தேடித் தந்தாள். இந்தியா 2015இல் வர்த்தக நீதிமன்றச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது 1 கோடி இந்திய ரூபாய்க்கு மேற்பட்ட வழக்குகளுக்குத்தான் கதவு திறந்தது. மூன்றே வருடத்தில், 2018இல், அந்த எல்லையை 3 இலட்சமாக இறக்கி, மாவட்ட மட்டத்துக்குக் கீழேயும் நீதிமன்றம் அமைக்க வழி செய்தார்கள். அவசரத் தடை கேட்காத வழக்குகள் முதலில் மத்தியஸ்தத்துக்குப் போகவேண்டும் என்றும் வைத்தார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2024 செப்டெம்பர் 1இல் தன் வணிக நீதிமன்றத்தைத் தொடங்கிய அன்றே ஐந்து நகரப் பிரிவுகளில் தொடங்கியது. மறுவருடம் 1 கோடி டொலர் எல்லையை 50 இலட்சமாகக் குறைத்தது. அவர்களின் தொகைகள் நம் கணக்குக்கு எட்டாதவை. நான் பார்ப்பது போகும் திசையை. இரண்டு இடத்திலும் தொகை கீழே இறங்குகிறது, நீதிமன்றம் ஊருக்குள் வருகிறது.

நம் நாட்டிலும் சட்டங்கள் வராமலில்லை. 2022இல், சிறிய தொகை வழக்குகளுக்கான சிறுகோரிக்கை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம் வந்தது. 2023இல் குடியியல் நடவடிக்கைக் கோவையில் வழக்கை விளக்கத்துக்கு எடுக்குமுன் நடத்தும் முன்விசாரணை பற்றித் திருத்தம் வந்தது. 2024இல், மத்தியஸ்தம் மூலம் செய்த சர்வதேச வர்த்தக இணக்கங்களை அமுல்படுத்த 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது; சிங்கப்பூர் உடன்படிக்கையில் நாம் 2019இல் வைத்த கையொப்பத்தின் பலன். எல்லாம் நல்லவை. சிங்கப்பூரில் இணங்கிய வெளிநாட்டு வியாபாரிக்கு வழி திறந்துவிட்டீர்கள். சிறுகோரிக்கைச் சட்டமாவது தலவாக்கலைக் கடைக்காரருக்குக் கைக்கெட்டவேண்டும். எங்கள் சந்தையில் நான் கேட்டுப் பார்த்த வியாபாரிகளில் அப்படியொரு சட்டம் இருப்பதை அறிந்தவர் ஒருவர்கூட இல்லை. நம்மவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மத்தியஸ்த சபை. அங்கே இருக்கும் பெரியவர்கள் அக்கறையாகப் பேசுவார்கள். ஆனால் கொழும்பு நிறுவனத்தின் ஆட்கள் அழைப்பாணைக்கு வராமல் விட்டால் ஒரு சான்றிதழைத் தருவதைத் தவிர அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே கேட்கிறேன். மத்திய மாகாண மேல் நீதிமன்றத்துக்கு 1996 சட்டத்தின் 2ஆம் பிரிவின்கீழ் வர்த்தமானி வெளியிடுங்கள், ஊவாவுக்கும் அப்படியே. முழுநேர நீதிபதி உடனே கிடைக்காவிட்டால், மாதத்தில் சில நாள் கண்டியிலும் சில நாள் நுவரெலியாவிலும் அமரும்படி பிரதம நீதியரசரோடு பேசுங்கள். கொவிட் காலத்தில், 2021இன் 17ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டத்தில், தொலைத்தொடர்பு வழியாக வழக்கை நடத்த இடம் கொடுத்தீர்கள்; தவணை மட்டும் எடுக்கிற நாளில் ஹற்றன் நீதிமன்றக் கட்டடத்தில் ஒரு திரையின் முன்னால் எங்களை நிற்க விடுங்கள். சிறுகோரிக்கை வழக்குகளுக்கு மலையகத்தில் தனி நாள் ஒதுக்கி, அதன் படிவங்களைத் தமிழில் அச்சிட்டுப் பிரதேச செயலகங்களில் வையுங்கள். 24ஆம் உறுப்புரைப் பணிப்பை அமைச்சரவைக்குக் கொண்டுபோங்கள். 1871இன் அந்த ஒரு வருடத்தை மட்டும் பாராளுமன்றத்தில்தான் மாற்ற முடியும்; அதை மூன்றாக்கும் திருத்தத்தைத் தயாரிக்கும்படி சட்டவரைஞர் திணைக்களத்துக்கு எழுதுங்கள்.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த மலைகளைச் சரித்தது. பாதை அறுந்தது, ரயில் பாதை தொங்கியது, ஏற்றிய லொறிகள் பாதி வழியில் நின்று சரக்கு அழுகியது. அந்த நட்டம் விற்றவனுக்கா வாங்கியவனுக்கா என்ற தகராறு இப்போது எங்கள் சந்தையில் ஒவ்வொரு கடையிலும் இருக்கிறது. எல்லோரும் 2022இல் நான் செய்ததையே செய்கிறார்கள்: பொறுத்திருக்கிறார்கள். புயலுக்கு முன்னர் இறக்கிய சரக்கின் பில்களுக்கு 2026 நவம்பர் வாக்கில் காலம் முடிந்துவிடும். இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? நான் என்னால் முடிந்தவரை ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: "போன்ல பேசாதீங்க தம்பி, எழுத்துல ஒரு வரி வாங்குங்க, அதுல கையொப்பம் வாங்குங்க." சிலர் கேட்கிறார்கள். சிலர், கேட்டால் அடுத்த ஓடர் கிடைக்காது என்று பயப்படுகிறார்கள்.

இந்த மடலின் பிரதியைப் பிரதம நீதியரசர் அவர்களுக்கும் எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் அனுப்பியிருக்கிறேன். பதில் எழுதினால் தமிழில் எழுதுங்கள். சந்தையில் வைத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டவேண்டும்.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத்திலிருந்து ஒரு மரக்கறி வியாபாரி